திரும்பி வரும் விடை: இணையவழிப் பயிற்சிநெறிகளை அமைக்கும் முறை

வகுப்பறையில் ஆசிரியர் ஒருவர் பின்னக் கணக்கொன்றை விளக்கிக்கொண்டிருக்கும்பொழுது அவருடைய வாயோடு கண்களும் தொழில் செய்கின்றன. முன்வரிசையில் தலையசைப்பவன் விளங்கித்தான் அசைக்கின்றானா, கடைசி வாங்கில் இருப்பவன் எழுதுகோலைக் கடித்துக்கொண்டு விழிப்பதேன் என்பனவற்றை அக்கண்கள் கணப்பொழுதிற் கண்டுகொள்கின்றன. கண்டதும் ஆசிரியர் சற்றே நிற்கின்றார். கரும்பலகையை விட்டு, ஒரு தோடம்பழத்தை எட்டாகப் பிளந்து காட்டுகின்றார். விழித்தவனை எழுப்பி ஒரு கேள்வி கேட்கின்றார். இவை எவையும் அவருடைய பாடக்குறிப்பில் எழுதப்பட்டிருப்பதில்லை. எனினும் கற்பித்தல் என்னும் தொழிலிற் பெரும்பகுதி இவற்றிலேயே தங்கியிருக்கின்றது.

இணையவழிப் பயிற்சியில் இந்தக் கண்கள் இல்லை. பாடத்தை ஆக்கியோர் கொழும்பில் இருக்கலாம். கற்பவர் மன்னாரிலோ மஸ்கெலியாவிலோ இருந்து, பாடசாலை அலுவலும் வீட்டலுவலும் முடிந்த பின்னர், இரவு ஒன்பது மணிக்குக் கையடக்கத் தொலைபேசியைத் திறக்கலாம். மூன்றாம் பக்கத்தில் ஓரிடம் அவருக்கு விளங்கவில்லை. இரண்டு முறை படிக்கின்றார், பின்னும் விளங்கவில்லை. நாளைக்குப் பார்ப்போம் என்று மூடி வைக்கின்றார். அந்த நாளை வருவதேயில்லை. வகுப்பறையை விட்டு ஒருவர் எழுந்து சென்றால் வாங்கு அரைபடும் ஓசையாவது கேட்கும். இங்கே ஓசையும் இல்லை. அவர் போனதை எவரும் அறியார். பதிவேட்டில் அவருடைய பெயர் மட்டும் நிற்கும்.

ஆகவே, இணையவழிப் பயிற்சிநெறி ஒன்றைத் திட்டமிடுவோர் முதலில் விடை காணவேண்டிய வினா ஒன்றுண்டு. கற்பவருக்கு விளங்கவில்லை என்பது கற்பிப்போருக்கு எவ்வழியால் தெரியவரும்? தெரிந்தபின் திருத்தம் எவ்வழியால், எத்தனை நாளில், அவரிடம் திரும்பிச் சேரும்? இவ்வினாவுக்குப் பயிற்சி தொடங்குமுன்னரே எழுதிவைக்கப்படும் விடைதான் திட்டம் என்பது. ஏனைய யாவும் அதனைச் சுற்றி அமைபவை.

இவ்வினா இணையத்தோடு பிறந்ததன்று. 1840 ஆம் ஆண்டில் பிரித்தானியாவில் ஒரு பென்னி முத்திரையுடன் நாட்டின் எப்பகுதிக்கும் கடிதம் அனுப்பும் வசதி ஏற்பட்டது. சுருக்கெழுத்து முறை ஒன்றை வகுத்திருந்த ஐசாக் பிற்மன் இவ்வசதியைப் பயன்படுத்திக்கொண்டார். பாடங்களைத் தபாலில் அனுப்பினார். மாணாக்கர் குறித்ததொரு பகுதியைச் சுருக்கெழுத்தில் எழுதித் திருப்பி அனுப்பினர். பிழைகள் திருத்தப்பட்டு மீண்டும் அவர்களிடம் போய்ச் சேர்ந்தன. பாடம் அச்சேறி விற்கப்படுவது அதற்கு முன்னரும் இருந்தது. பிற்மன் அதனோடு சேர்த்தது அந்தத் திரும்பு தபாலையே. புத்தகம் வாங்கியவரை மாணாக்கராக்கியது அதுவாகும்.

வானொலியின் வரலாற்றிலும் இதனைக் காணலாம். அவுஸ்திரேலியாவின் நடுப்பகுதியில் அயல்வீடு என்பதே பல மைல் தூரத்தில் இருக்கும் பண்ணைகளில் வளர்ந்த பிள்ளைகளுக்குப் பாடசாலை எட்டாதிருந்தது. பறக்கும் வைத்தியச் சேவையைச் சேர்ந்தோர் வைத்தியரை அழைப்பதற்காக அப்பண்ணைகளில் இருவழி வானொலிக் கருவிகளை ஏற்கெனவே வைத்திருந்தனர். அக்கருவியிற் பேச அங்குள்ள சிறுவர் அஞ்சுவதில்லை என்பதை அடலெயிட் மீத்கி என்னும் கல்வியாளர் கவனித்தார். அதன் பயனாக 1951 இல் அலிஸ் ஸ்பிறிங்ஸ் நகரில் வான்வழிப் பாடசாலை தொடங்கிற்று. சாதாரண வானொலி ஒலிபரப்பில் ஆசிரியரின் குரல் மட்டுமே செல்லும். இங்கே நூற்றுக்கணக்கான மைலுக்கு அப்பாலிருந்து பிள்ளையின் குரலும் வந்தது. ஆசிரியர் பெயர் சொல்லி அழைத்தார். பிள்ளை விடை சொல்லிற்று. பிழையாயின் அப்பொழுதே திருத்தப்பட்டது.

இம்முறையைப் பெரும் அளவில், வளர்ந்தோருக்கென நிறுவிக் காட்டியது பிரித்தானியத் திறந்த பல்கலைக்கழகமாகும். ஹரோல்ட் வில்சன் 1963 இல் எதிர்க்கட்சித் தலைவராயிருந்தபொழுது வானலைப் பல்கலைக்கழகம் என்னும் கருத்தை வெளியிட்டார். அவருடைய அரசாங்கத்தில் அமைச்சராயிருந்த ஜெனி லீ அம்மையார் அதனை விடாது முன்னெடுத்தார். 1969 இற் சாசனம் பெற்ற அப்பல்கலைக்கழகம் 1971 சனவரியில் ஏறத்தாழ 24,000 மாணவருடன் படிப்பைத் தொடங்கியது. மக்கள் நினைவில் நிற்பது அதன் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளே. ஆயினும் அதனைத் தாங்கிய தூண்கள் வேறிரண்டு. பாடத்தை ஒரு பேராசிரியர் தனியே எழுதவில்லை என்பது ஒன்று. பாட அறிஞர், ஒலிபரப்புத் தயாரிப்பாளர், கற்பித்தல் முறை அறிந்தோர் ஆகியோர் ஒரு குழுவாய்க் கூடி, ஒருவர் எழுதியதை மற்றவர் குறை கண்டு, பலமுறை திருத்தி எழுதினர். மாணவர் ஒவ்வொருவருக்கும் ஒரு துணையாசிரியர் வாய்த்திருந்தமை மற்றொன்று. அவர் ஒப்படைகளைப் படித்து, புள்ளியிட்டு, ஓரத்திற் குறிப்பெழுதி, திருப்பி அனுப்பினார். விஞ்ஞானம் பயின்றோருக்கு நுண்ணோக்கி உள்ளிட்ட பரிசோதனைப் பொருள்களும் பெட்டியிலிட்டு வீட்டுக்கே அனுப்பப்பட்டன.

இலங்கையிலும் 1980 இல் நாவலையைத் தலைமையிடமாகக் கொண்டு திறந்த பல்கலைக்கழகம் தோன்றியது. யாழ்ப்பாணம், மட்டக்களப்பு முதலிய இடங்களில் அது நிலையங்களை அமைத்ததும் இக்காரணம் பற்றியே. அச்சிட்ட பாடம் எவ்வளவு தெளிவாயிருந்தாலும், விளங்காததைக் கொண்டுபோய்க் கேட்பதற்கு ஒரு வாயில் வேண்டும்.

இனி இணையத்தின் காலத்துக்கு வருவோம். 2011 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த செபஸ்டியன் துறன் என்பவரும் பீற்றர் நோர்விக் என்பவரும் செயற்கை நுண்ணறிவு பற்றிய தம் பாடத்தை இணையவழியே இலவசமாகத் திறந்துவிட்டனர். ஏறத்தாழ 160,000 பேர் பதிந்தனர். முடித்தவர் ஏறத்தாழ 23,000 பேர். அதாவது எழுவருக்கு ஒருவர். ஒரே பாடத்தை 23,000 பேர் முடித்தது அருஞ்செயல் என்பதில் ஐயமில்லை. பெருந்திரளுக்கான இத்தகைய பாடங்கள் உலகெங்கும் பெருகின. ஆயின் 2019 இல் ஆவட் பல்கலைக்கழகமும் மசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகமும் நடத்திய பாடங்களின் பல்லாண்டுப் பதிவுகளை ஆராய்ந்து வெளியிடப்பட்ட கட்டுரையொன்று வேறொரு காட்சியைக் காட்டியது. பதிந்தோரிற் பாதிக்கு மேற்பட்டோர் பாடத்தை ஒருமுறையேனும் திறந்து பார்க்கவில்லை. 2017-18 காலத்தில் முடித்தவர் நூற்றுக்கு மூவர் அளவினரே.

பதிந்தோருட் பலர் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் என்று ஒருவர் சமாதானம் கூறலாம். அதிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் 2013 இல் சான் ஹொசே அரச பல்கலைக்கழகம் ஒரு தனியார் நிறுவனத்துடன் சேர்ந்து, கணிதத்திற் பின்தங்கியோர் உட்பட்ட மாணவருக்கு இணையவழிப் பாடங்களை நடத்தியபொழுது வந்தவர்கள் வேடிக்கை பார்ப்போர் அல்லர். தேர்ச்சி வேண்டி வந்தவர்கள். அவர்களிற் சிலருக்கு வீட்டிற் கணினியே இல்லை என்பது பாடம் தொடங்கிச் சில வாரங்கள் கழிந்த பின்னரே தெரியவந்தது. சித்தியடைந்தோர் தொகை வகுப்பறையிலும் குறைவாயிருந்தது. அவ்வாண்டு நடுப்பகுதியில் முயற்சி இடைநிறுத்தப்பட்டது. வகுப்பறையில் முதல்நாளே ஒரு பார்வையில் தெரிந்திருக்கக்கூடியது அங்கே வாரக்கணக்காக மறைந்திருந்தது. கண்கள் இல்லாத இடத்திற் கண்களுக்கு ஈடாக எதனை வைப்பது என்று முன்கூட்டியே எண்ணாமையின் விலை இது.

ஆயின் அந்த ஈட்டினை அமைப்பது எங்ஙனம்? ஓர் உதாரணத்தை எடுத்துக்கொண்டு படிப்படியாக நோக்குதல் நன்று. மூன்றாம் தரத்திற் கற்பிக்கும் ஆசிரியர் முந்நூறு பேருக்கு, வாசிக்க இடர்ப்படும் பிள்ளைக்கு உதவும் முறையில் ஒரு சேவைக்காலப் பயிற்சியை இணையவழி நடத்தவேண்டியுள்ளது என்று வைத்துக்கொள்வோம்.

முதலாவது படி கற்பவரை அறிதல். அவரிடம் உள்ள கருவி யாது? கணினியா, கைத்தொலைபேசியா? வீட்டிற் பலருக்கும் பொதுவான தொலைபேசியா? கிழமைக்கு எத்தனை மணித்தியாலம் அவருக்கு உண்மையாகவே ஒழியும்? இலங்கையில் 2020 மார்ச்சிற் பாடசாலைகள் மூடப்பட்டபொழுது இவ்வினாக்களைக் கேட்க அவகாசம் இருக்கவில்லை. சமிக்ஞை தேடிப் பாறை உச்சிக்கும் மரக்கிளைக்கும் ஏறிய மாணவரின் படங்கள் 2021 இல் உலகப் பத்திரிகைகளில் வெளிவந்தன. இன்று அவகாசம் உண்டு. நமது உதாரணத்தில், ஆசிரியர் கிழமைக்கு மூன்று மணித்தியாலம் ஒதுக்கக்கூடியவர் என்று கண்டால், ஆறு கிழமைப் பயிற்சிக்குப் பதினெட்டு மணித்தியாலமே கையில் உண்டு. நாற்பது மணித்தியாலப் பாடத்தை அதற்குள் அடக்கிவிட்டு, முடிக்காதவரைச் சோம்பேறி என்பது நீதியாகாது.

இரண்டாவது படி முடிவைக் குறித்தல். பாடத்திட்டம் வகுப்போர் முதலிற் கேட்கவேண்டியது கல்வியின் நோக்கம் யாது என்பதே என றால்ப் டைலர் 1949 இல் எழுதினார். 1962 இல் றொபேட் மேகர் அதனை இன்னும் கூர்மையாக்கினார். பயிற்சி முடிந்தபின் கற்றவர் செய்யக்கூடியது யாது, எந்த நிலைமையிற் செய்வார், எவ்வளவு நன்றாகச் செய்தாற் போதும் என்னும் மூன்றையும் வெளிப்படையாக எழுதவேண்டும் என்றார். "வாசிப்பு இடர்பாடுகள் பற்றி ஆசிரியர் அறிவு பெறுவர்" என்று எழுதுவது எளிது. ஆனால் அறிவு பெற்றாரா இல்லையா என்பதை எவரும் பார்த்தறிய முடியாது. "தம் வகுப்பிற் பின்தங்கிய ஒரு பிள்ளையைப் பத்து நிமிடம் வாசிக்கக் கேட்டு, பிழைகளைக் குறித்து, அவை எழுத்தறியாமையால் வந்தனவா, எழுத்துகளைக் கூட்ட இயலாமையால் வந்தனவா, பொருள் உணராமையால் வந்தனவா என்று பிரித்து, அடுத்த கிழமைக்கு உரிய பயிற்சியொன்றை எழுதுவர்" என்பது பார்த்தறியக்கூடிய முடிவு.

மூன்றாவது படி சான்றினை வகுத்தல். பெரும்பாலோர் பாடங்களை முழுவதும் எழுதிவிட்டு, கடைசியிற் பரீட்சை வினாக்களை அமைப்பர். வரிசையை மாற்றி, முடிவை அடுத்து உடனே சான்றினை வகுப்பதே பயன் தரும். மேற்கூறிய முடிவுக்கு நான்கு விடைகளுள் ஒன்றைத் தெரியும் வினாத்தாள் சான்றாகாது. ஆசிரியர் ஒரு பிள்ளையை வாசிக்கக் கேட்டுக் குறித்த தாளும், அவர் எழுதிய பயிற்சியுமே சான்றாகும். இதில் இன்னொரு நன்மையும் உண்டு. 2022 இன் இறுதியிலிருந்து, கேட்டவுடன் கட்டுரை எழுதித்தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் எல்லார் கையிலும் வந்துவிட்டன. பொதுப்படையான ஒப்படையை அவை ஒரு நிமிடத்தில் எழுதிவிடும். ஒரு குறித்த வகுப்பில் ஒரு குறித்த பிள்ளை "பள்ளி" என்பதைப் "பல்லி" என்று வாசித்ததை அவை கேட்டிருக்க மாட்டா.

நான்காவதாகவே பாடங்கள் வருகின்றன. மனிதமனம் ஒரே சமயத்தில் தாங்கக்கூடிய புதுப் பொருள்கள் சிலவே என்பதையும், தேவையற்ற சுமையை ஏற்றினாற் கற்றல் தடைப்படும் என்பதையும் ஜோன் சுவெலர் 1988 முதல் விளக்கி வந்தார். பாடக் காணொளிகளை மாணவர் பார்த்த பல இலட்சம் தடவைகளை ஆராய்ந்து 2014 இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்று, ஆறு நிமிடத்துக்கு உட்பட்டவையே முழுமையாகப் பார்க்கப்பட்டன என்று காட்டியது. ஆகவே ஒரு மணிநேர விரிவுரையை அப்படியே பதிவுசெய்து ஏற்றுவது பயிற்சிநெறி ஆகாது. அதனை ஒரு கருத்துக்கு ஒன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றின் முடிவிலும் கற்பவர் தாமே நினைவிலிருந்து விடையளிக்க ஒரு வினாவை வைத்தல் வேண்டும். மீண்டும் மீண்டும் படித்தலைவிட நினைவிலிருந்து எடுத்துச் சொல்லிப் பார்த்தலே நாட்கள் கழிந்தும் நிற்கின்றது என்பதனை றோடிகர், கார்ப்பிக்கி என்னும் உளவியலாளர் 2006 இற் பரிசோதனையால் நிறுவினர்.

செலவையும் எண்ணவேண்டும். ஆறு நிமிட ஒலிப்பதிவு, நொடிக்கு 64 கிலோபிற்று வீதம், மூன்று மெகாபைற்றுக்கு உட்பட்டது. அதே ஆறு நிமிடம் நொடிக்கு 500 கிலோபிற்று வீதமுள்ள காணொளியாயின் இருபத்திரண்டு மெகாபைற்றுக்கு மேலாகும். பிள்ளை வாசிப்பதைக் கேட்டுப் பழகுவதற்கு ஒலியே போதும், படம் வேண்டியதில்லை. எழுத்துப் பிழைகளைக் குறிக்கும் முறையைக் காட்டுவதற்கு ஒரு தாளின் நிழற்படம் போதும். கருவி எது என்னும் வினா இங்குதான், நான்காவது படியில் எழவேண்டும். பல திட்டங்களில் அது முதலாவதாக எழுந்து மற்றெல்லாவற்றையும் விழுங்கிவிடுகின்றது.

ஐந்தாவது படி திரும்பும் வழி. இதுவே திட்டத்தின் உயிர்நிலை. கணக்கிடப்படாமல் விடப்படுவதும் இதுவே. முந்நூறு ஆசிரியரும் ஆறு கிழமையில் மூன்று ஒப்படைகள் அனுப்புவர் எனின் மொத்தம் தொளாயிரம். ஒன்றைப் படித்துக் குறிப்பெழுதப் பத்து நிமிடம் எனின், 150 மணித்தியால வேலை. ஒருவரிடம் இதனை ஒப்படைத்தால் விடைகள் திரும்பமாட்டா. இருபத்தைந்து பேருக்கு ஒரு துணையாசிரியராகப் பன்னிருவரை அமர்த்தினால், ஒவ்வொருவருக்கும் பன்னிரண்டரை மணித்தியாலம். கிழமைக்கு ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம். இது செய்யத்தக்கது. இதற்குரிய பணத்தையும் ஆளையும் ஒதுக்காத திட்டம், எத்துணை அழகிய காணொளிகளைக் கொண்டதாயினும், அரைத் திட்டமே. ஐந்து நாளிற் குறிப்புத் திரும்பும் என்று வாக்களித்தால் ஐந்து நாளில் திரும்பவேண்டும்.

இங்கே இயந்திரத்துக்கும் நல்ல வேலை உண்டு. ஏழு நாள் பாடத்தைத் திறவாதவர் பெயர்களைக் கணினி தானே எடுத்துத் தரும். அப்பட்டியலைக் கண்ட துணையாசிரியர் தொலைபேசியை எடுத்து, "ஆசிரியை, சுகமா? இரண்டாம் பாடத்தில் ஏதும் தடங்கலா?" என்று கேட்பாராயின், ஓசையின்றி நழுவவிருந்தவர் ஒருவர் மீளலாம். பட்டியல் எடுப்பது இயந்திரத்தின் வேலை. அழைப்பது மனிதரின் வேலை.

ஆறாவது படி உடன் கற்போரை இணைத்தல். நன்னூற் பாயிரம், ஆசிரியரிடமிருந்து மாணாக்கன் பெறுவது காற்பங்கே என்றும், உடன் பயில்வோருடன் பழகி இன்னொரு காற்பங்கையும், பிறர்க்கு எடுத்துரைத்து எஞ்சிய அரைப்பங்கையும் பெறுவான் என்றும் கூறுகின்றது. இக்கணக்கை ஏற்றால், தனியே இருந்து திரையை நோக்குபவருக்குக் கிடைப்பது காற்பங்கே. ஆகவே ஒரே கோட்டத்தைச் சேர்ந்த ஐவர் அறுவரை ஒரு குழுவாக்கி, கிழமைக்கொரு முறை ஒருவர் குறித்த தாளை மற்றவர் பார்த்துப் பேசவும், முறை மாறி ஒருவர் ஏனையோருக்கு விளக்கவும் இடம் வைத்தல் வேண்டும்.

ஏழாவது படி வெள்ளோட்டம். முந்நூறு பேருக்குத் திறக்குமுன் ஐந்தாறு பேருக்கு, அவர்களுடைய சொந்தத் தொலைபேசியிலேயே, பாடத்தைக் கொடுத்து அருகில் இருந்து பார்க்கவேண்டும். எவ்விடத்திற் கை தயங்குகின்றது, எந்தச் சொல்லில் விழி நிற்கின்றது என்று குறித்துக்கொள்ள வேண்டும். வகுப்பறையில் ஆசிரியரின் கண்கள் நாடோறும் செய்ததை, இங்கே ஒருமுறை முன்னதாகச் செய்துகொள்கின்றோம். அவர்கள் தடக்கிய இடங்களைத் திருத்திவிட்டால், பின்வரும் முந்நூறு பேரும் அவ்விடங்களில் விழமாட்டார்கள்.

பயிற்சி முடிந்ததும் வழங்கப்பட்ட சான்றிதழ்களின் தொகை அறிக்கையில் ஏறும். அதனோடு வேறிரண்டு எண்களும் ஏறுதல் வேண்டும். தொடங்கி விட்டவர் எத்தனை பேர், அவர்கள் எந்தப் பாடத்தில் விட்டனர் என்பது ஒன்று. மூன்று மாதங் கழித்து, வகுப்பிற் பிள்ளையை வாசிக்கக் கேட்டுப் பிழை குறிக்கும் வழக்கம் எத்தனை ஆசிரியரிடம் நிலைத்திருக்கின்றது என்பது மற்றையது. முதலாவது எண் அடுத்த தடவை எப்பாடத்தைத் திருத்தவேண்டும் என்று சொல்லும். இரண்டாவது எண், இவ்வளவு முயற்சியும் எந்தப் பிள்ளைக்காகச் செய்யப்பட்டதோ அந்தப் பிள்ளையைச் சென்றடைந்ததா என்று சொல்லும்.

பிற்மனின் தபாலும், அலிஸ் ஸ்பிறிங்ஸ் வானொலியும், இன்றைய இணையமும் வெவ்வேறு வேகத்தின. தபாலில் நாட்கணக்காய்ச் சென்றது இன்று நொடியிற் செல்கின்றது. பாடத்தை அனுப்புவது அந்த அளவுக்கு எளிதாகிவிட்டது. கற்பவர் எழுதியதைப் பொறுமையுடன் படித்து, "இவ்விடத்தில் இப்படிச் செய்து பாருங்கள்" என்று ஒரு வரி எழுதித் திருப்பியனுப்ப இன்றும் பத்து நிமிடம் வேண்டும். அந்தப் பத்து நிமிடத்துக்கு இடம் வைத்துத் திட்டமிடுவோரின் பயிற்சிநெறியே, இரவு ஒன்பது மணிக்குத் தனியே படிக்க அமரும் ஆசிரியரை இறுதிப் பாடம் வரை கொண்டுபோய்ச் சேர்க்கும்.